கம்பத்தைப் பார்த்தவர்கள்

அத்தியாயம் ஏழு

"பேட்டரி கிடைச்சிருச்சு மேடம்!"

நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கொல்லிமலையில் தேவனூர் நாட்டுக் கடைசி ஊர் அது. தெரு என்றால் ஏழெட்டு வீடும் ரெண்டு பலா மரமும்தான். அத்தனை வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து நின்றுவிட்டார்கள்.

செல்போன் டவர் வாட்ச்மேன் பூபதியின் கட்டிலுக்கு அடியிலிருந்து நான் இழுத்த சாக்குப் பையில் கறுப்பாக ஒரு பேட்டரி இருந்தது. வெற்றி வீரன் மாதிரி அதை ஒரு கையில் தூக்கிக் காட்டினேன். வாசலில் பூபதியின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர்களுடைய பெண் பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

"வாட்ச்மேன் வேலைக்கு இன்கிரிமெண்ட் கட்டிலுக்கு அடியிலேயே வளருது போல," என்று நகைச்சுவை வேறு செய்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அருணா மேடம் நிதானமாக வந்து பார்த்தார். சேலத்தில் எங்கள் துப்பறியும் ஆபீஸுக்கு அவர்தான் மூளை. வாய் நான்.

"ஆல்பர்ட், டவர் பேட்டரியை ரெண்டு ஆள் சேர்ந்துதான் தூக்கணும். நீ ஒத்தைக் கையில தூக்கிட்டு நிக்கிறே."

"மருந்தடிக்கற மெசினோடதுங்க," என்றார் பூபதி, தரையைப் பார்த்தபடி. "மெசினு பக்கத்துலயே இருக்குதுங்க. நீங்க பாக்கலீங்க."

பார்த்தேன். மெஷின் பக்கத்திலேயே இருந்தது.

எனக்குக் காது ரெண்டும் சுட்டது. பேட்டரியைப் பைக்குள் வைத்து, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, நான் கலைத்துப் போட்டிருந்த துணிகளை மடித்து வைக்கப் போனேன். "இருக்கட்டுமுங்க, நாங்க மடிச்சுக்கறோம்," என்று பூபதியின் மனைவி என் கையிலிருந்து தன் சேலையை வாங்கிக்கொண்டாள். அதற்கு அவள் என்னை ரெண்டு அறை அறைந்திருக்கலாம்.

விவகாரம் இதுதான். இந்த ஊருக்கு டவர் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கொஞ்ச நாளாகப் பட்டப்பகலில், ஊரில் கரண்ட் இருக்கும்போதே டவர் செத்துப் போகிறது. அப்புறம் தானாக உயிர் வருகிறது. வாட்ச்மேன் பூபதி பேட்டரியைக் கழற்றி வாடகைக்கு விடுகிறார் என்பது கம்பெனியின் சந்தேகம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன வியாழக்கிழமை டவர் செத்திருந்த நேரத்தில், கருப்பண்ணன் என்ற விவசாயியின் மனைவி பாப்பாத்தி மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போகவில்லை. உடைந்த தொடையோடு அவள் மரத்தடியிலேயே கிடந்திருக்கிறாள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி முன்போல நடப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கருப்பண்ணன் புகார் எழுதிவிட்டார். கம்பெனி சூப்பர்வைசர் தனபால் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் எஸ்.ஐ. ஜீப்பில் வருவார். அதற்குள் வேறு ஆளைக் காட்டாவிட்டால் பூபதி அதே ஜீப்பில் கீழே போக வேண்டியதுதான்.

"சுலபமான கேஸ்னு சொன்னாங்களே," என்றேன் மேட்டில் ஏறும்போது.

"சுலபமாத்தான் நீ ஒரு குடும்பத்தை நடுத்தெருவுல நிக்க வச்சே," என்றார் மேடம். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே அது புது அனுபவம்.

டவர் ஊருக்கு மேலே மேட்டில் நின்றது. கேட்டில் துரு. பூட்டு பத்திரமாக இருந்தது. உள்ளே பேட்டரிகள் வரிசையாக அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றும் களவு போகவில்லை.

"வியாழக்கிழமை நீங்க எங்கே இருந்தீங்க?" என்று மேடம் பூபதியைக் கேட்டார்.

"இங்கியேதானுங்க. ரூம்புல லைட்டு அமந்துருச்சு. சரி, கரண்டு போயிருச்சாட்டமிருக்குதுன்னு உக்காந்துட்டேனுங்க. மலையில கரண்டு போறது ஒரு அதிசயமாங்க?"

"ஜெனரேட்டர்?"

"ரிப்பேருன்னு கீழ கொண்டுபோனாங்க. இன்னும் வரலீங்க."

தனபால் வேறு பக்கம் பார்த்தார்.

"கரண்ட் மீட்டர் எங்கே? இங்கே காணோமே."

"மீட்டரு கீழங்க. ரீடிங் எடுக்கறவரு மேடேற மாட்டேன்னுட்டாரு. ரோட்டு முக்குல, பலா மரத்துக்குப் பின்னால கம்பத்துல மாட்டிட்டாங்க."

இறங்கிப் போய்ப் பார்த்தோம். கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி. கொக்கிதான், பூட்டு இல்லை. திறந்தால் மீட்டரும் வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் மாட்டிய ஒரு பீஸ் கட்டையும் இருந்தன. மேடம் பெட்டியைப் பார்க்கவில்லை. காலடியைப் பார்த்தார்.

"ரீடிங் எடுக்க எப்போ வருவாங்க?"

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்காங்க."

"சுத்தி இடுப்பளவு புல்லு. கம்பத்துக்கு முன்னால மட்டும் தரை மொழுமொழுன்னு இருக்கு. ரெண்டு மாசத்துக்கு ஒருத்தர் வந்து நின்னா இப்படித் தேயுமா ஆல்பர்ட்?"

"அவர் நின்ன இடத்துலயே ஜாகிங் பண்ற ஆளா இருக்கலாம் மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் என் வாய் திரும்ப வேலை செய்வதில் எனக்கு ஓர் ஆறுதல்.

"இந்தப் பீஸை யாரோ பிடுங்கறாங்க. யாருன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அதனால நாம கேட்கப் போறதில்லை," என்றார்.

பொன்னாயியின் டீக்கடைக்கு எல்லோரையும் வரச் சொன்னார். வாக்குமூலம் எழுதணும் என்று சாக்கு. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் சென்னியப்பன் சாப்பாட்டு இடைவேளையில் வந்தார். திருச்செங்கோட்டுக்காரர், இங்கே வேலை. துணை சுகாதார நிலைய நர்ஸ் ஸ்டெல்லா வந்தார். அவரும் கீழே இருந்து வந்தவர்தான். கருப்பண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விரல்களெல்லாம் பச்சை மிளகின் கறை. பூபதி உட்காராமல் ஓரமாக நின்றார்.

"எம்பொண்டாட்டி கால முடமாக்கிட்டானுங்க இவன்," என்று கருப்பண்ணன் பூபதியைக் கை காட்டினார். "ஒரு போனு போயிருந்தா அவ இன்னிக்கு நடந்துருப்பாளுங்க!"

பூபதி இன்னும் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார்.

கடையில் பொன்னாயியின் போன் சர்க்கரை டப்பா மேல் சாய்ந்து பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நெட்டில் ஓடியது. தனபால் யாரிடமோ "சார், சார், முடிச்சிடலாம் சார்" என்று பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கொஞ்சம் நடக்கணும்," என்று மேடம் எழுந்தார். போகும்போது என் காதில், "எது நடந்தாலும் போனைப் பார்க்காதே. முகங்களைப் பாரு," என்றார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் பொன்னாயி எனக்கு போண்டா வைத்தாள். "தின்னு கண்ணு, எளச்சுப் போயிருக்கற." என் வயிற்றைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் மனுஷி அவள்தான். ரெண்டாவது போண்டாவை எடுக்கும்போது பாட்டு பாதியில் நின்றது.

"ஹலோ? ஹலோ சார்?" தனபால் போனைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். எனக்கும் கை பாக்கெட்டுக்குத்தான் போனது. மேடம் சொன்னது ஞாபகம் வந்து தலையை நிமிர்த்தினேன்.

பொன்னாயி, சென்னியப்பன், ஸ்டெல்லா, கருப்பண்ணன் நாலு பேரும் ஒரே பக்கம் திரும்பியிருந்தார்கள். பூபதி மட்டும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் புடவையைத் தட்டிவிட்டபடி திரும்பி வந்தார். "என்ன பார்த்தே?"

"எல்லாரும் இடது பக்கம் திரும்பினாங்க மேடம். பூபதி மட்டும் வலது பக்கம், டவரைப் பார்த்தார்."

"டவர் போனா மனுஷன் எதைப் பார்ப்பான்?"

"போனைப் பார்ப்பான். இல்லாட்டி டவரைப் பார்ப்பான்."

"இடது பக்கம் என்ன இருக்கு?"

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. இடது பக்கம் ரோட்டு முக்கு, பலா மரம், மீட்டர் கம்பம்.

மேடம் முந்தானைக்குள்ளிருந்து பீஸ் கட்டையை எடுத்து போண்டாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதைப் பிடுங்கினா டவர் சாகும்னு தெரிஞ்சவங்க மட்டும்தான் கம்பத்தைப் பார்ப்பாங்க. தெரியாத ஒரே ஆள் பூபதி. அவருக்கு மூணு மணிக்கு ஜீப் வருது. இனி யார் பேசறீங்க?"

கடையில் பால் பொங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பொன்னாயி அடுப்பை அணைத்தாள். அவள்தான் முதலில் உடைந்தாள்.

"எங்கண்ணன் கூப்புடுவானுங்க. எம்புள்ளைய அவனுக்கே கட்டிக் குடுன்னு. தாய்மாமன் மொறைங்க. புள்ள நர்சு படிக்கோணும்ங்குது. கூடப்பொறந்தவனுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வருமாங்க? டவரு வாரதுக்கு முன்ன சிக்னல் இல்லைன்னு சொல்லிப் போடுவேன். டவரு வந்து அதுக்கும் வழியில்லாமப் போச்சுங்க. அவன் கூப்புடற நாள்ல போயி..." மிச்சத்தைச் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். "காலையில போன்ல முகத்தைக் காட்டி வருகை பதியணும் மேடம். பஸ் லேட்டாயிடுது. நெட்வொர்க் இல்லைன்னா கையெழுத்துப் போட்டாப் போதும். ஏறி வரும்போது அந்த முக்குலதான் இறங்குவேன்..." என்றார். குரல் தன் வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் குரல் மாதிரியே இருந்தது.

"நீங்க?" என்றார் மேடம் ஸ்டெல்லாவிடம்.

"வாரா வாரம் வீடியோ மீட்டிங் வைப்பாங்க மேடம். எல்லார் முன்னாலயும் நிக்க வச்சுத் திட்டுவாங்க. கணக்குல நான்தான் எப்பவும் கடைசி." அதோடு அவருக்கு அழுகை வந்துவிட்டது. "வியாழக்கிழமை நான் பிடுங்கலை. சத்தியமா இல்லை. ஆனா பாப்பாத்தியக்கா கிடந்ததைக் கேட்டதும், இன்னைக்கு நான் இல்லை, நேத்து நான்தானேன்னு... நான் நர்ஸ் மேடம்."

எங்கள் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு மறைப்பாவது இருக்கும். இங்கே எல்லாம் டீக்கடை பெஞ்சில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் நடந்தது. இதில் கூத்து என்னவென்றால், மூணு பேருக்கும் மத்தவர்கள் பிடுங்கியது தெரியாது. இந்தத் தில்லாலங்கடி தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். தெரியாதவர்கள் மாதிரி பூபதி மேல் பழி விழுவதை மட்டும் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அவர்களை ஏளனமாகப் பார்த்தேன். அப்புறம் சாக்குப் பையோடு நான் நின்ற கோலம் ஞாபகம் வந்தது. கண்ணை போண்டாவுக்குத் திருப்பிக்கொண்டேன்.

"இப்படிப்பட்ட ஊரா இது!" என்றார் தனபால்.

"உங்க பேட்டரி நல்லா இருந்தா பீஸ் போனாலும் டவர் நாள் முழுக்க நின்னிருக்கும் தனபால் சார்," என்றார் மேடம். "ஜெனரேட்டரும் இல்லை. செத்த பேட்டரியை யார் திருடுவாங்க? அது உங்களுக்குத் தெரியாதா?"

தனபால் சட்டைப் பையில் இருந்த புகாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கருப்பண்ணன், நீங்களும் கம்பத்தைத்தான் பார்த்தீங்க."

"அல்லாரும் திரும்புனாங்க, நானும் திரும்புனேனுங்க," என்றார் கருப்பண்ணன். "எம்பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கறா. எங்கிட்டயா கேக்கறீங்க? அன்னிக்குப் புடுங்குனது யாருன்னு இவுங்ககிட்டக் கேளுங்க!"

ஞாயம்தான். ஒருத்தர் திரும்பினால் நாமும் திரும்புவோம். மேடமும் தலையாட்டினார்.

"சரி. முதல்ல எஸ்.ஐ.க்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லுங்க தனபால். ஆல்பர்ட், ஓடிப்போய் பீஸைப் போடு."

ஓடினேன். இந்த உடம்போடு ஓடினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டையைச் செருகிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், ஆளாளுக்குப் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"போட்டீங்களா சார்?" என்றார் சென்னியப்பன்.

"போட்டாச்சு."

"ஒரு கட்டம்கூட வரலையே. ஒழுங்கா அழுத்தினீங்களா?"

"சார், நான் பீஸ்தான் போட்டேன், ரோஜாச் செடி நடலை. அழுத்தித்தான் போட்டேன்."

ஸ்டெல்லா போனை அணைத்துப் போட்டார். பொன்னாயி தன் போனை உதறினாள். தனபால் பதற்றமாகிவிட்டார். "எஸ்.ஐ. கிளம்பியிருப்பாரு மேடம். வந்துட்டா அப்புறம் என் கையில இல்லை. புகார் புகார்தான்." பூபதி சுவரில் சாய்ந்துகொண்டார். உதடு வெளுத்திருந்தது. சென்னியப்பன் பொறுக்க மாட்டாமல், "நானே போய் இன்னொரு தடவை பிடுங்கிப் போட்டுட்டு வர்றேன்," என்று செருப்பை மாட்டினார்.

"வேண்டாமுங்க!" என்றார் கருப்பண்ணன். "மறுக்காப் புடுங்கிப் போடாதீங்க. போட்ட ஒடனே வராதுங்க. அது வாரதுக்கு நேரமாவும்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவர் ஒருத்தர்தான் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். மேடம் முன்பே கவனித்துவிட்டார்.

"பூபதிக்கு அது தெரியும். அவர் வேலை அது," என்று மெதுவாகச் சொன்னார் மேடம். "இவங்க மூணு பேரும் அடிக்கடி பிடுங்கினவங்க. இவங்களுக்கே தெரியலை. ஏன்னா பீஸைத் திரும்பப் போட்டுட்டு அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க. சிக்னல் வரலைன்னா அவங்களுக்கு நல்லதுதான். போட்ட பிறகு எப்போ வரும், எப்போ வரும்னு போனையே பார்த்துட்டு நின்னவருக்கு மட்டும்தான் இது தெரியும். கருப்பண்ணன், நீங்க எப்போ அப்படி நின்னீங்க?"

கருப்பண்ணனின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது.

"வியாழக்கெழமைங்க."

பொன்னாயி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"முள்ளுக்குறிச்சி அர்த்தனாரி ஏவாரிக்கு மொளகு தாரேன்னு வெத்தல மாத்திச் சொல்லியிருந்தேனுங்க. பொறவு இன்னொருத்தன் வந்தான், அவனுக்குக் குடுக்கறேன்னுட்டேன். அன்னிக்குக் காலைல அர்த்தனாரி கூப்புடுவான்னு தெரியும். வெத்தல மாத்துனவனுக்கு என்னன்னு சொல்றதுங்க? எம்போன மட்டும் அமத்துனா ஒளியறேன்னு தெரிஞ்சுக்குவான். பீஸப் புடுங்கி மடியில வெச்சுட்டுக் காட்டுக்குப் போயிட்டேன். மடியில இருக்கறப்பத்தானுங்க அவ உளுந்தா."

ஸ்டெல்லா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஓடியாந்து போட்டேனுங்க. ஊட்டு லைட்டு மாதிரி போட்டா வந்துரும்னு நெனச்சேன். வரல. அந்த முக்குலதான் நிக்கறேன், பஸ்ஸு என்னையத் தாண்டித்தான் போச்சு. கை காட்டியிருந்தா நின்னுருக்கும். அவளத் தூக்கிட்டுப் போயிருக்கலாம். இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு இந்த எழவெடுத்த போனையே பாத்துட்டு நின்னனுங்க. அவ அங்க கத்தறது எனக்கு இங்க கேக்குது." மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டார். "அல்லாரும் ஓடியாந்து டவரு ஏன் போச்சுன்னு கேட்டாங்க. பூபதின்னு வாயில வந்துருச்சு. வந்தத அப்படியே புடிச்சுக்கிட்டேன். த்தூ... நானெல்லாம் ஒரு மனுசனா."

பூபதி சுவரை விட்டு நகர்ந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். அவர் அடிக்கவில்லை.

"மாமா, எம்புள்ளைய நாலு நாளா பள்ளிக்கோடத்துல திருடன் பொண்ணுன்னு கூப்புடறாங்க," என்றார். "நீ பக்கத்தூட்டுலதான் இருக்கற. உனக்குக் காதுல உளுகலையா?"

கருப்பண்ணன் எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனார். பூபதி கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அது அவருடைய பள்ளிக்கூடம்.

அப்போது டிங் என்று ஒரு போன் சத்தம் போட்டது. அடுத்து இன்னொன்று. கடை முழுக்க டிங் டிங் என்று செய்திகள் கொட்டின. தனபால் பாய்ந்து வெளியே போய் எஸ்.ஐ.யைக் கூப்பிட்டார். "சார், வாட்ச்மேன் இல்லை சார். ஆமா சார். என் தப்புதான் சார், சரியா விசாரிக்கலை," என்பது கேட்டது. பூபதி பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் வந்ததிலிருந்து அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தின எனக்கு இப்போது குரலே வரவில்லை.

கருப்பண்ணனின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். அடிக்க விட்டுவிட்டு மேடத்தைப் பார்த்தார். "அவதானுங்க," என்றார். கறுத்த விரலால் அழுத்தினார். விரல் பிசகி ஸ்பீக்கரும் சேர்ந்து ஆனாகிவிட்டது.

"ஏனுங்க, இத்தன நேரமாக் கூப்புடறேன், போவவே மாட்டீங்குது," என்றது பாப்பாத்தியின் குரல். "அந்தப் பூபதி மறுக்காவும் அமத்திப் போட்டானா? அவன சும்மா உட்றாதீங்க. எங்கால எடுத்தவன் அவன்தான்."

கருப்பண்ணன் பூபதியைப் பார்த்தார்.

"பாப்பாத்தி, பூபதியில்ல. நாந்தேன். அன்னிக்கு டவர அமத்துனது நாந்தேன். அர்த்தனாரி கூப்புடுவான்னு பீஸப் புடுங்குனேன். நீ உளுந்தப்ப அது எம்மடியில இருந்துச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வரவில்லை.

"பாப்பாத்தி... கேக்குதா?"

போனை இன்னும் வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"லைன் கட்டாயிருச்சாட்டமிருக்குது," என்றாள் பொன்னாயி மெல்லமாக.

நான் எட்டிப் பார்த்தேன். கட்டாகவில்லை. சிக்னல் முழுசாக இருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் யாரோ இருமுவதும், ஒரு தட்டு கீழே விழுவதும், பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொள்வதும் அத்தனை தெளிவாகக் கேட்டன.